காலில் கிடக்கும் செருப்பு யார் காசு? 'இண்டிபெண்டெண்ட் விமன்' பாடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெஸ்டினிஸ் சைல்ட் என்ற அமெரிக்கப் பெண்கள் குழு பாடிய 'இண்டிபெண்டெண்ட் விமன்' பாடலைப் பற்றி நண்பர்கள், தங்கை வயதுப் பெண்கள், சில சமயம் அவர்களுடைய அப்பாக்கள்கூட என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாக நான் விடாமல் கேட்கும் பாட்டு இது. அதனால் சில பதில்கள் நீளும்.

இது எப்போது வந்த பாட்டு? யார் பாடியது?

2000ஆம் ஆண்டு வந்தது. பாடியவர்கள் பியான்சே நோல்ஸ், கெல்லி ரோலண்ட், மிஷெல் வில்லியம்ஸ். டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் வேர்விட்ட குழு. 'சார்லிஸ் ஏஞ்சல்ஸ்' என்ற திரைப்படத்துக்காக இந்தப் பாட்டு உருவானது. பியான்சேயுடன் கோரி ரூனி, சாமுவேல் பார்ன்ஸ், ஜான் கிளாட் ஒலிவியே ஆகியோரும் எழுதினார்கள். அந்தப் படத்தின் மூன்று நாயகிகளான லூசி லியூ, ட்ரூ பேரிமோர், கேமரன் டயஸ் ஆகியோரின் பெயர்களை அழைத்துத்தான் பாட்டு தொடங்கும்.

2000 நவம்பரில், அமெரிக்காவின் முதன்மையான பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலின் உச்சிக்குப் போனது, 2001 ஜனவரி முடியும்வரை இறங்கவில்லை. தொடர்ந்து 11 வாரங்கள். அதுவரை எந்தப் பெண்கள் குழுவும் அமெரிக்காவில் அத்தனை வாரம் முதலிடத்தில் இருந்ததில்லை. பிரிட்டனிலும் 2000 டிசம்பரில் முதலிடம் பிடித்தது.

ஆங்கிலம் வேகமாக ஓடுகிறது, பிடிபடவில்லை. பாட்டு என்னதான் சொல்கிறது?

முதலில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 'கேள்வி'. நாயகிகளின் பெயர்களை அழைத்து முடித்ததும் வரும் முதல் சரணமே அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. கேள்வி, என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய், சொல் என்று எதிரே இருக்கும் ஆணை நிறுத்திக் கேட்கிறாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவளே சொல்லிக்கொண்டு போகிறாள். என் வைரத்தை நான் வாங்குகிறேன், என் மோதிரத்தை நான் வாங்குகிறேன் என்கிறாள். பிறகும் இரண்டாவது, மூன்றாவது முறையாக அதே 'கேள்வி' வருகிறது. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞரின் தோரணை அது.

நடுவில் ஒரு பட்டியல் வருகிறது. பாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. காலில் இருக்கும் செருப்பு, நான் வாங்கினேன். உடுத்தியிருக்கும் உடை, நான் வாங்கினேன். அணிந்திருக்கும் கல், நான் வாங்கினேன். அடுத்த சுற்றில், நீ கட்டியிருக்கும் கைக்கடிகாரம் வேண்டுமென்றால் அதையும் வாங்குவேன் என்கிறாள். பிறகு குடியிருக்கும் வீடு, ஓட்டும் கார். ஒவ்வொன்றுக்கும் பின்பாட்டுக் குரல்கள் பதில் அடிக்கின்றன. கடைசியில் காரணமும் சொல்லப்படுகிறது: ஏனென்றால் நான் என்னை நம்பி இருக்கிறேன்.

ஒருவர் தன் வருமானத்தில் வாழ்வதைச் சொந்தக் காலில் நிற்பது என்கிறோம். இந்தப் பாட்டு அந்தக் காலில் கிடக்கும் செருப்பிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறது. தற்செயல்தான், ஆனால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது.

பலரும் கவனிக்காமல் விடும் ஓர் அடியும் உண்டு. பெண்களே, இப்படித் தன்னை நம்பி வாழ்வது எளிதல்ல என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறாள். பெருமை பேசும் பாட்டுக்குள் அந்த ஒரே ஓர் இடத்தில் களைப்பு எட்டிப் பார்க்கிறது. எனக்குப் பிடித்த அடி அதுதான்.

ஒரு பெண் செருப்பு வாங்குவதில் அப்படி என்ன துணிச்சல் இருக்கிறது?

செருப்பில் இல்லாமல் இருக்கலாம். வீட்டிலும் காரிலும் இருக்கிறது. இரண்டையும் பெரும்பாலோர் கடன் வாங்கித்தான் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் பெண் என்பதற்காகவோ, மணமானவர், ஆகாதவர், விவாகரத்தானவர் என்பதற்காகவோ கடன் மறுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது 1974 அக்டோபரில்தான். அதற்கு முன்பு, வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் பெண்ணிடம்கூடக் கணவர் கையெழுத்தைக் கேட்பது வங்கிகளுக்குச் சாதாரண நடைமுறை. தனியாக வாழும் பெண் கடன் அட்டை கேட்டால் கைவிரிப்பார்கள். தொழில் தொடங்கக் கடன் கேட்கும் பெண்ணுக்கு ஆண் உறவினர் ஒருவர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று சில மாநிலங்களில் இருந்த விதி ஒழிந்ததோ 1988இல்.

பியான்சே பிறந்தது 1981. அவருடைய அம்மா டீனா நோல்ஸ் ஹூஸ்டனில் சொந்தமாகச் சிகை அலங்கார நிலையம் நடத்தியவர். வாடிக்கையாளர்கள் தலையைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் முன்னால்தான் இந்தச் சிறுமிகள் பாடியும் ஆடியும் பழகினார்கள். கேட்டவர்கள் எல்லாம் பெண்கள், காசு கொடுத்து வந்தவர்கள், இடமும் ஒரு பெண்ணின் தொழிலிடம். அங்கே வளர்ந்த பிள்ளை 'நான் வாங்கினேன்' என்று பாடியதில் எனக்கு வியப்பில்லை.

உடை பற்றிய அடிக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. ஆரம்ப காலத்தில் பெரிய ஆடை நிறுவனங்கள் இந்தக் குழுவுக்கு உடை தர முன்வரவில்லை. நியூயார்க்கில் அம்மா ஏறி இறங்கிய இடமெல்லாம் மறுத்தார்கள் என்று 2016இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் சங்கத்தின் விருதைப் பெற்றுக்கொண்டபோது பியான்சே மேடையில் சொன்னார். டீனாவே உடைகளைத் தைத்தார். அதே பேச்சில் பாட்டியைப் பற்றியும் சொன்னார். மகளைக் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கவைக்கக் கட்டணம் இல்லாததால், அந்தப் பாட்டி பாதிரியார்களுக்கும் கன்னியாஸ்திரீகளுக்கும் உடை தைத்து, மாணவர்களுக்குச் சீருடையும் தைத்துக் கொடுத்து ஈடுகட்டினாராம். பாட்டி ஊசியால் கட்டிய கட்டணம், அம்மா தைத்த மேடை உடை, பேத்தி வாங்கிய வைரம். இந்த வரிசை தெரிந்த பிறகு அந்தப் பட்டியல் எனக்கு வேறு மாதிரி ஒலிக்கத் தொடங்கியது.

கறுப்பினப் பெண்கள் பாடியதால் பொருள் மாறுகிறதா?

மாறுகிறது. அமெரிக்க வெள்ளையின நடுத்தரக் குடும்பங்களில் பெண் வேலைக்குப் போவதா வேண்டாமா என்பது நெடுநாள் விவாதம். கறுப்பினப் பெண்களுக்கு அந்த விவாதமே வாய்க்கவில்லை. அடிமை முறையில் கூலியில்லாமல் உழைத்தார்கள், அது ஒழிந்த பிறகு அற்பக் கூலிக்கு உழைத்தார்கள். 1881இல் அட்லாண்டா நகரத்தில் வீடுகளுக்குத் துணி வெளுத்த கறுப்பினப் பெண்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தமே செய்திருக்கிறார்கள். 1920களில் மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் போன்ற புளூஸ் பாடகிகள் தங்கள் காசு, தங்கள் விருப்பம் என்று மேடையில் நின்று பாடினார்கள்.

ஆகவே உழைப்பு இவர்களுக்குப் புதிதல்ல. உழைத்த காசு தன் கையில் நிற்பதும், அதைத் தனக்காகவே செலவு செய்வதும்தான் புதிது. பட்டியலை நீட்டி நீட்டிப் பாடுவதை வெறும் பகட்டு என்று தள்ளுபவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதே குழுதான் ஓராண்டுக்கு முன்பு 'என் பில்லைக் கட்டுவாயா' என்று ஆணிடம் கேட்டது. இது முரண்பாடு இல்லையா?

1999இல் வந்த 'பில்ஸ், பில்ஸ், பில்ஸ்' பாட்டைச் சொல்கிறீர்கள். பல்லவியை மட்டும் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆண்களின் பணத்துக்கு அலைபவர்கள் என்ற பழியும் அப்போது விழுந்தது. சரணங்களைக் கேளுங்கள். முதலில் நல்லவனாக வந்தவன், பிறகு அவள் காரை நாளெல்லாம் ஓட்டிவிட்டு எண்ணெய் நிரப்பாமல் திருப்பி விடுகிறான். அவள் தொலைபேசியிலிருந்து யார் யாருக்கோ பேசுகிறான். அவள் அட்டையைத் தேய்க்கிறான். நீ ஏற்றிவைத்த பில்லை நீ கட்டு என்பதுதான் அவளுடைய கேள்வி.

அதற்கடுத்த ஆண்டு வந்த பாட்டில், உறவில் எப்போதும் பாதிக்குப் பாதி என்று ஓர் அடி இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே கணக்கு. ஒன்றில் கணக்குத் தவறியவனிடம் கேட்கிறாள், மற்றதில் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறாள்.

படத்தில் மூன்று பெண்களும் சார்லி என்ற ஆணுக்குத்தானே வேலை செய்கிறார்கள்? இதில் சுதந்திரம் எங்கே?

நல்ல கேள்வி. 'சார்லிஸ் ஏஞ்சல்ஸ்' 1976 முதல் 1981 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய தொடர். முகம் காட்டாத முதலாளி சார்லி, ஒலிபெருக்கி வழியாக உத்தரவு கொடுப்பார், மூன்று பெண் துப்பறிவாளர்கள் செய்து முடிப்பார்கள். 2000இல் திரைப்படமானபோதும் அந்த ஏற்பாடு மாறவில்லை. குரல்கூட அதே ஜான் ஃபோர்சைத்தின் குரல்தான். பாட்டிலும் சார்லியை அழைத்து, உன் பெண்கள் எப்படி இப்படிக் கலக்குகிறார்கள் என்று கேட்கும் இடம் இருக்கிறது.

அதைக் கேட்கும்போது எனக்கு உறுத்தும். மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மூன்று நாயகிகளில் ஒருவரான ட்ரூ பேரிமோர் அந்தப் படத்தின் தயாரிப்பாளர்களிலும் ஒருவர். திரைக்குள் சம்பளம் வாங்கும் பெண், திரைக்கு வெளியே முதலாளி. பாட்டின் பட்டியலோடு சேர வேண்டியது இந்த இரண்டாவது பாதி.

சுதந்திரம் பற்றிப் பாடிய இவர்களே ஒப்பந்தக் கட்டுக்குள் இருந்தவர்கள் என்கிறார்களே?

உண்மைதான். இந்தப் பாட்டைப் பற்றிப் பேசும்போது பலரும் தாண்டிப்போகும் இடம் இது. நான் தாண்ட மாட்டேன்.

டெஸ்டினிஸ் சைல்டின் மேலாளர் பியான்சேயின் அப்பா மாத்யூ நோல்ஸ். முதலில் குழுவில் நான்கு பேர்: பியான்சே, கெல்லி, லடோயா லக்கெட், லடாவியா ராபர்சன். 1999 இறுதியில் லடோயாவும் லடாவியாவும் தங்களுக்குத் தனி மேலாளர் வேண்டும் என்றார்கள். லாபத்தில் மேலாளர் அளவுக்கு மீறி எடுத்துக்கொள்கிறார், பியான்சேக்கும் கெல்லிக்கும் சலுகை காட்டுகிறார் என்பது அவர்கள் தரப்பு. 2000 தொடக்கத்தில் குழுவின் புதிய வீடியோ வந்தபோது அவர்கள் இடத்தில் மிஷெல் வில்லியம்ஸும் ஃபாரா ஃபிராங்க்ளினும் நின்றார்கள். அதைப் பார்த்துத்தான் தாங்கள் நீக்கப்பட்டதை அறிந்தோம் என்று இருவரும் சொன்னார்கள். வழக்குத் தொடுத்தார்கள். பிறகு சமரசத்தில் முடிந்தது. ஃபாராவும் சில மாதங்களில் விலகினார். மூவராக எஞ்சிய குழுதான் அந்த ஆண்டின் இறுதியில் நான் என்னை நம்பி இருக்கிறேன் என்று பாடி உச்சிக்குப் போனது.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பாட்டைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்த இருவரையும் நினைத்துக்கொள்கிறேன். தன் வருமானத்தைத் தன் ஆள் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் இந்தப் பாட்டு சொல்லும் சுதந்திரத்தில் அடக்கம்தானே?

இவர்கள் மட்டும் இல்லை. அட்லாண்டாவின் டிஎல்சி என்ற மூன்று பெண்கள் குழு 1995 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. அதே மாதம் அவர்கள் பாட்டு ஒன்று அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. மறுஆண்டு கிராமி விருது வாங்கிய இரவில், ஒரு கோடி ஆல்பம் விற்றும் எங்கள் கையில் காசு இல்லை என்று செய்தியாளர்களிடம் மூவரும் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆல்பத்தை வெளியிட்டவர், தயாரித்தவர், மேலாளர், வழக்கறிஞர் என்று ஒவ்வொருவர் பங்கும் கழிந்து, முன்பணமும் செலவும் பிடித்தம் போக மிஞ்சுவதுதான் பாடியவருக்கு. பெண்ணாற்றல் என்ற முழக்கத்தை உலகெங்கும் கொண்டுபோன பிரிட்டனின் ஸ்பைஸ் கேர்ள்ஸ் 1997 நவம்பரில் தங்கள் மேலாளரை நீக்கிவிட்டுத் தங்கள் விவகாரங்களைத் தாங்களே கையில் எடுத்தார்கள்.

பியான்சேயும் அங்கே வந்து சேர்ந்தார், தாமதமாக. 2011இல் அப்பாவை மேலாளர் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டு, பார்க்வுட் என்ற தன் நிறுவனத்தின் வழியாகத் தன் தொழிலைத் தானே நடத்தத் தொடங்கினார். பாட்டு வந்தபோது அவருக்கு வயது 19. பாடியதை முழுதாக வாழ்ந்துகாட்ட இன்னும் பத்தாண்டு ஆனது.

இரண்டாம் பாகம் என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. 2001இல் வந்த 'சர்வைவர்' ஆல்பத்தில் இரண்டு பாகங்களும் உண்டு. இரண்டாவது வேறு தாளம், வேறு சரணங்கள், திரைப்படத்தோடு தொடர்பில்லாதது. எனக்கு முதலாவதே போதும்.

வைரமும் காரும் வாங்குவதுதான் விடுதலையா? இது கடைக்காரர்களுக்கான பாட்டு என்று விமர்சிக்கிறார்களே?

விமர்சனத்தில் பாதியை ஏற்கிறேன். பட்டியலில் இருப்பதெல்லாம் கடையில் கிடைப்பவை. சமைப்பது, நோயாளியைப் பார்ப்பது, பிள்ளையைத் தூக்கித் திரிவது ஆகிய எந்த வேலைக்கும் ரசீது இல்லை, எனவே பாட்டிலும் இடம் இல்லை. கைகளை உயர்த்துங்கள் என்று பல்லவியில் அழைக்கும்போது சம்பாதிக்கும் இளம்பெண்களையும் லாபம் ஈட்டும் தாய்மார்களையும் அழைக்கிறாள். லாபம் ஈட்டாத தாய்மார்கள் கையை உயர்த்தலாமா என்பதற்குப் பாட்டில் பதில் இல்லை. அதே ஆல்பத்தில் அரைகுறையாக உடுத்தும் பெண்களைக் கடிந்துகொள்ளும் பாட்டு ஒன்று இருப்பதும் என்னை வருத்துகிறது. தன் காசில் உடை வாங்கியவளுக்கு அதை எப்படி உடுத்துவது என்று சொல்ல யாருக்கு உரிமை?

மறுபாதியை ஏற்க மாட்டேன். பொருளைப் பற்றிப் பேசுவது அற்பம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பொருளுக்காக யாரிடமும் கை நீட்டாதவர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் அம்மாவின் வளையல்களை அடகுக் கடையிலிருந்து மீட்கப் போனேன். சீட்டு அப்பா பெயரில் இருந்தது. வளையல் அம்மாவுடையது, பணம் என்னுடையது, கையெழுத்துப் போட அப்பா வரவேண்டும் என்றார்கள். அரை நாள் விடுப்புப் போட்டு அவர் வந்தார். வளையல்களை வாங்கிக் கையில் போட்டுக்கொண்ட அம்மா வீடு வரும்வரை எதுவும் பேசவில்லை. 'நான் வாங்கினேன்' என்ற இரண்டு சொற்களைப் பகட்டு என்று என்னால் தள்ள முடியாததற்குக் காரணம் அந்த நாள்.

ஆண்களுக்கு எதிரான பாட்டா?

இல்லை. கட்டுப்படுத்த முயன்றால் அனுப்பிவிடுவேன் என்கிறாள், அவ்வளவுதான். கட்டுப்படுத்த நினைக்காதவருக்கு இதில் அச்சப்பட எதுவும் இல்லை. இன்னும் சொன்னால், ஆண் தந்த பணத்தைக் காட்டிப் பெருமை பேசாதே, பேசுவதென்றால் உன் பணத்தைக் காட்டிப் பேசு என்று பாட்டின் கடுமையான அடி பெண்ணை நோக்கித்தான் வருகிறது.

குழு கலைந்த பிறகு மூவரும் இதைச் சேர்ந்து பாடினார்களா?

பாடினார்கள். 2006இல் குழு கலைந்தது. 2013 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளை நிகழ்ச்சியில் பியான்சே பாடிக்கொண்டிருக்கும்போது கெல்லியும் மிஷெலும் மேடையின் அடியிலிருந்து துள்ளி எழுந்து வந்தார்கள். அங்கே பாடியவற்றில் இதுவும் ஒன்று. சில அடிகள்தான்.

பள்ளி செல்லும் மகளுக்கு இதைக் கேட்கக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் என்பேன். முதல் சரணத்தில், தனிமையாக உணர்ந்தால் மட்டும் உன்னை அழைப்பேன், எல்லாம் முடிந்ததும் எழுந்து போய்விடு என்று ஓரிடம் உண்டு. அது பெரியவர்கள் பேச்சு. சிறு பிள்ளைகளுக்கு அது புரியாமல் கடந்துபோகும், வளர்ந்தவள் கேட்டால் நேராகப் பேசிவிடுங்கள்.

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயதில் இதைப் போட்டுக்காட்டி, அடி அடியாகப் பொருள் சொன்னேன். செருப்பு, உடை, கடிகாரம் எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள், வீடு வந்ததும் நிறுத்தினாள். "வீட்டுக்கு அவ்வளவு பணம் ஏது சித்தி? வங்கியில் கொடுத்தார்களா?" என்று கேட்டாள். பாட்டை நிறுத்திவிட்டு 1974இலிருந்து தொடங்கினேன்.